செலின் வாங்கிய கொமோத்

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் தன் பெயர் மைக்கில் வந்தபோது, அது வேறு ஏதோ செலின் என்றுதான் மரிய செலின் நினைத்தாள். வில்லியனூரைச் சுற்றியுள்ள பங்குக் கிராமங்களில் தெருவுக்கு ஒரு செலினாவது இருப்பாள். ஆனால் மன்றாட்டு வாசித்த ஆண்டனி வாத்தியார் பெயரோடு நிறுத்தவில்லை. "புற்றுநோயால் துன்புறும் எங்கள் சகோதரி மரிய செலின், லியோ பிரகாஷின் மனைவி, பூரண சுகம் பெற வேண்டுமென்று இறைவா உம்மை மன்றாடுகிறோம்" என்று நிதானமாக வாசித்து முடித்தார். கோயில் முழுக்க ஒரே குரலில் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது.

பக்கத்தில் நின்ற மகள் சுகந்தி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிளஸ் டூ படிக்கிற பெண். "இன்னாம்மா சொல்றாங்க?" என்றாள். செலின் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் மண்டியிட்டு, முன் பெஞ்சில் முகத்தைக் கவிழ்த்து, தோள் குலுங்க அழ ஆரம்பித்துவிட்டாள். முன்வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அத்தனை கண்களிலும் ஒரே பரிதாபம். செலின் நின்ற இடத்தில் அப்படியே நின்றாள். அழுகை வரவில்லை. காதுமடல் இரண்டும் கொதித்தன.

அவளுக்குப் புற்றுநோய் இல்லை.

மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது உண்மை. யாரிடமும் சொல்லாமல் அரை நாள் லீவு போட்டு, தனியாகப் போய் ஊசி போட்டு எடுக்கிற பரிசோதனையைச் செய்துகொண்டாள். ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. சாதாரணக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீ குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அந்தக் கவரை பீரோவில் தன் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணைப் பயமுறுத்த வேண்டாம், பிறகு ஒரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

அந்த பீரோவின் சாவி கிரேஸ் மேரியின் இடுப்பில் இருந்தது. கிரேஸ் மேரி லியோவின் அக்கா. புருஷன் இறந்து பிறந்த வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. வந்த அன்றிலிருந்து அரிசி வாங்குவது முதல் யாருக்கு எந்தப் போர்வை என்பது வரை எல்லாம் அவள் சொல்படிதான். தெருப் பெண்கள் கூடி ஜெபம் செய்கிற அன்பியத்துக்கும் அவள்தான் தலைவி. மன்றாட்டில் யார் பெயர் வர வேண்டும் என்று வாத்தியாருக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதும் அவள்தான்.

பூசை முடிந்து வீட்டு வாசலைத் தாண்டியதும் செலின் கேட்டாள். "எம் புடவைக்கு அடியில இருந்த கவர ஏன் அண்ணி எடுத்தீங்க?"

"ஒனக்காக ஜெபம் பண்ணச் சொன்னது தப்பா?" என்றாள் கிரேஸ் மேரி.

"நான் அதக் கேக்கல. கவர ஏன் எடுத்தீங்க?"

"ஒரே வூட்ல இருந்துக்கினு இன்னாத்த மூடி மறைக்கறது? நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா தூக்கிக்கினு ஓடறது நாங்கதான."

"எனக்கு ஒண்ணும் இல்ல. அந்தக் காயிதத்துலயே எழுதியிருக்குது. படிக்கத் தெரியலன்னா என்னக் கேட்டிருக்கலாம்."

கிரேஸ் மேரி ஒரு கணம் தம்பியைப் பார்த்தாள். லியோ செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தான். மின்துறையில் வயர்மேன். எந்தக் கம்பத்திலும் ஏறுவான்; அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மட்டும் வர மாட்டான்.

"நல்லதுதான் பண்ணேன்" என்று சொல்லிவிட்டு கிரேஸ் மேரி அடுப்படிக்குப் போனாள்.

அதோடு முடிந்திருந்தால் செலின் விட்டிருப்பாள். திருபுவனையில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் ஷாம்பு பாட்டிலுக்கு மூடி தயாரிக்கிறார்கள். பதினோரு வருஷமாக அவள் அங்கே குவாலிட்டி செக்கிங். பிசிறு, கீறல், அரைக்கோடு வித்தியாசம் எதுவும் அவள் விரலைத் தாண்டிப் போகாது. லைன் லீடர் பயிற்சிக்கு ஓசூருக்கு அனுப்ப இந்த முறை அவள் பெயரை எழுதியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை மேனேஜர் கூப்பிட்டு, "கேள்விப்பட்டேன் சிஸ்டர். நீங்க ஒடம்பப் பாருங்க. இந்த தடவ வேற ஆள அனுப்பிட்டோம்" என்றார். அதே ஊரிலிருந்து வேனில் வருகிற இரண்டு பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். மறுநாளே அவள் அண்ணியிடம் திரும்ப வாங்கியிருந்த ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். மேனேஜர் படித்துவிட்டு, உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் வேறு ஆளின் பெயர் ஓசூருக்குப் போய்விட்டது. இனி அடுத்த வருஷம்தான்.

அன்று சாயங்காலம் வேனில் வரும்போது கண்ணாடியில் தெரிந்த தன் முகம் அவளுக்கே பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவளுக்கென்று பூட்டி வைக்க ஒரு சாண் இடம் இருந்ததில்லை. அவள் மடித்த துணியை இன்னொருத்தி கலைத்து அடுக்குகிறாள். அவள் போன் பில்லை இன்னொருத்தி பிரிக்கிறாள். அரியூர் தாண்டியதும் ரோட்டோரம் பழைய சாமான் குடோன் ஒன்று வந்தது. தினமும் பார்க்கிற குடோன்தான். புதுச்சேரி டவுனிலும் காரைக்காலிலும் இடிக்கிற பழைய வீடுகளின் கதவு, தூண், கட்டில், அலமாரி எல்லாம் அங்கே வந்து குவியும். வாசலில் இழுப்பறை வைத்த மேசை ஒன்று நின்றது. இடுப்பு உயரம், ஒன்றன்மேல் ஒன்றாக நாலு இழுப்பறை. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு சாவித்துவாரம்.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் லியோவை வண்டியோடு அங்கே வரச் சொன்னாள்.

"டவுன்ல ப்ளைவுட்ல அழகா கெடைக்குது. எவனோ செத்தவன் சாமான எதுக்கு?" என்றான் லியோ.

"ப்ளைவுட் பூட்ட ஹேர்பின்னால தொறக்கலாம்."

குடோன்காரர் பாக்யராஜ் நல்ல பருமன், சட்டையில் மரத்தூள். செலின் கேட்டதற்கெல்லாம் லியோவைப் பார்த்தே பதில் சொன்னார். "சார், இதுக்குப் பேரு கொமோத். டவுன்ல பழைய ஆளுங்க இன்னும் அப்டித்தான் சொல்வாங்க. பிரெஞ்சு பேரு."

"கமோடா?" என்றான் லியோ.

"அந்தக் கமோட் இல்ல சார்" என்று பாக்யராஜ் சிரித்தார். "இதெல்லாம் ஓட்டல்காரங்க, ரிசார்ட்காரங்க வாங்கறது. குடும்பத்துக்கு சரிப்படாது. ஒங்களுக்கு ஸ்டீல் பீரோ ஒண்ணு இருக்குது, காட்டட்டா?"

"வாங்கறது நானு. எங்கிட்டப் பேசுங்க" என்றாள் செலின். "அந்த வாசல்ல இருக்கறத தொறந்து காட்டுங்க."

அது பளபளவென்று பாலிஷ் ஏறி நின்றது. நூற்றைம்பது வருஷத்துச் சாமான், கவர்னர் வீட்டு வகை என்றார் பாக்யராஜ். செலின் மேல் இழுப்பறையை முழுசாக உருவித் தரையில் கவிழ்த்தாள். அடிப்பலகையில் விரலை ஓட்டினாள். மெஷின் ரம்பம் ஓடிய கோடுகள் சீப்புப் பல் மாதிரி சீராக இருந்தன. மூலையில் ஸ்டார் ஸ்க்ரூ. உள்முதுகு முழுக்க ஒரே கறுப்பு.

"நூத்தம்பது வருஷத்துக்கு முன்னால ஸ்டார் ஸ்க்ரூ இருந்துச்சா?"

"அது ரிப்பேர் பண்ணதும்மா."

"இழுப்பறைக்கு உள்பக்கம் கை படாது, வெயில் படாது. அது எப்படிக் கறுத்துச்சு? சாயம் அடிச்சிருக்கீங்க. ரிஜெக்ட்."

பாக்யராஜ் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார். உள்ளே அழைத்துப் போனார். இரண்டாவது சாமான் நிஜமாகவே பழையது. மேலே பளிங்குக்கல், பக்கத்தில் கொடி வேலைப்பாடு. லியோவுக்கே பிடித்துப்போய் அதைத் தடவிப் பார்த்தான். செலின் சாவித்துவாரத்தில் ஒரு குச்சியை விட்டாள். குச்சி பலகையில் முட்டி நின்றது. வெளியே பித்தளைத் தகடு மட்டும்தான். உள்ளே பூட்டு கிடையாது.

"அழகுக்கு வச்சது" என்றார் பாக்யராஜ்.

"எனக்கு அழகு வேணாம்."

மூன்றாவதை அவளே கண்டுபிடித்தாள். ஜன்னல் கதவுகளின் குவியலுக்குப் பின்னால், எவனோ வெளிர்பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போன ஒரு அவலட்சணம். மேல்பலகையில் சூடான பாத்திரம் வைத்த வட்டம். ஒரு குமிழைக் காணோம். ஆனால் இழுப்பறையை இழுத்தபோது நடுவில் எங்கும் சிக்காமல் வந்தது. பலகையும் பலகையும் சேருமிடம் விரல் கோத்த மாதிரி பின்னியிருந்தது. ஒரு பல் அகலம், ஒரு பல் குறுகல், கையால் வெட்டியது. அடியில் ஒரே பலகை, இழைப்புளி ஓடிய மேடுபள்ளம் விரலுக்குத் தெரிந்தது. நகத்தால் பெயிண்ட்டைச் சுரண்டினாள். உள்ளே தேக்கு. நாலு இழுப்பறையிலும் கனமான பூட்டுகள் இருந்தன.

"சாவி?"

பாக்யராஜ் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கொட்டினார். துருப்பிடித்த சாவிகள், எந்த வீட்டுக் கதவுக்கு எது என்று யாருக்கும் தெரியாதவை. செலின் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள்.

கால் மணி நேரத்தில் லியோவின் போன் அடித்தது. கிரேஸ் மேரி. அவன் தள்ளிப்போய்ப் பேசிவிட்டு வந்தான்.

"அக்கா கேக்குது, டிவி வைக்கற ஒசரம் இருக்குமான்னு. ஹால்ல வச்சிட்டா மேல டிவி, கீழ ஆளுக்கொரு ட்ராயர். ஒண்ணுல அன்பியம் நோட்டெல்லாம் வச்சிக்கும்."

செலின் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தாள். "இது ஹாலுக்கு இல்ல. அண்ணிக்கு இதுல எடம் இல்ல."

"ஏன் இப்டிப் பிடிவாதம் புடிக்கற?"

"ஏனா? என் ஒடம்புல இருக்கற கட்டிய ஊரு பூரா மைக்ல கேட்டுச்சு. எம் பொண்ணு கோயில்ல விழுந்து அழுதுச்சு. பதினோரு வருஷம் ஒழச்சு வந்த சான்சு போச்சு. எல்லாம் ஒங்க அக்கா எம் புடவய நோண்டனதால. நீங்க நின்னு செருப்பக் கழட்டிக்கினு இருந்தீங்க."

லியோ பாக்யராஜ் நிற்கிற பக்கம் பார்த்தான். அவர் புரிந்துகொண்டு வெளியே போனார். லியோ ஒரு பழைய தூணின் மேல் உட்கார்ந்தான்.

"அக்கா நோண்டல" என்றான் கடைசியில். "நான்தான் எடுத்தேன்."

செலின் நிமிரவில்லை.

"ஒரு வாரமா நீ சரியாப் பேசல. சாப்பிடல. லீவு போட்டது எனக்குத் தெரியும், ஒங்க கம்பெனி வேன்காரர் சொன்னாரு. ஒரு நா நீ குளிக்கப் போனப்ப அக்காகிட்ட சாவி வாங்கி பீரோவப் பாத்தேன். கவர் இருந்துச்சு. கார்சினோமான்னு ஒரு வார்த்த. போன்ல போட்டுப் பாத்தா கேன்சர்னு வந்துச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அக்காகிட்ட குடுத்தேன்."

"அந்த வார்த்தைக்கு முன்னால 'நோ'ன்னு எழுதியிருந்துச்சே."

"அத நான் பாக்கல."

"என்னக் கேட்டிருக்கலாம். குளிச்சிட்டு வெளிய வர அஞ்சு நிமிஷம் ஆயிருக்கும்."

"நீயும் எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றான் லியோ.

அது அவளுக்குச் சுருக்கென்றது. சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அடுத்த நொடியே அந்த வருத்தத்தை மேலும் பெரிய கோபம் ஒன்று விழுங்கியது. பூசை முடிந்து வந்த அன்று, அவள் கிரேஸ் மேரியைக் கேள்விமேல் கேள்வி கேட்டபோது, இவன் பக்கத்திலேயே நின்றான். அக்கா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். இவன் விட்டுவிட்டான். ஆறு நாளாக அவள் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறான்.

"சொல்லாதது என் தப்பு" என்றாள். "அது எங்கிட்டயே இருந்திருக்கும். நீங்க பண்ணது மைக்ல வந்துச்சு. ரெண்டும் ஒண்ணு இல்ல."

அவள் மறுபடி சாவிகளை எடுத்தாள். முதல் இரண்டு சாவி துவாரத்திலேயே நுழையவில்லை. லியோ உதவிக்குக் குனிந்தான். "தொடாதீங்க" என்றாள். அவன் நகர்ந்தான். ஒரு மணி நேரத்தில் நாலு பூட்டுக்கும் நாலு சாவி கிடைத்துவிட்டது. ஒரு சாவி இன்னொரு பூட்டைத் திறக்கிறதா என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். ஒன்றுக்கு இன்னொன்று சேரவில்லை. பாக்யராஜைக் கூப்பிட்டு விலை பேசினாள். அவர் சொன்னதில் பாதியைக் குறைத்தாள். பெயிண்ட்டைச் சுரண்டி பாலிஷ் போட்டு அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்றார் அவர்.

"வேணாம். இப்டியே இன்னிக்கே ஏத்துங்க."

குட்டியானை வண்டியில் அது வீடு வந்து சேர்ந்தபோது கிரேஸ் மேரி ஹாலில் டிவிக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். ஆட்கள் அதைத் தாண்டிக்கொண்டு செலினின் அறைக்குள் போனார்கள். கிரேஸ் மேரி இடுப்புச் சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டு முறை. தெருப் பெண்கள் பதினைந்து பேர் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். செலின் ஷிப்ட் முடிந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு அறை வாசலில் நின்றாள். செபமாலை முடிந்ததும் கிரேஸ் மேரி எழுந்து சாட்சி சொன்னாள்.

"எல்லாருக்கும் ஒரு நல்ல சேதி. நாம ஒரு மனசா கண்ணீரோட ஜெபம் பண்ணோம். நம்ம செலினுக்கு இப்ப ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்லன்னு வந்துடுச்சு. மாதா சுகம் குடுத்துட்டாங்க."

பெண்கள் கைகூப்பினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செலின் அண்ணியையே பார்த்தாள். வெறும் பொய் என்றால்கூடப் பரவாயில்லை. வராத வியாதியைக் கொடுத்துவிட்டு, அதையே குணமாக்கிய பெருமையையும் இவள் எடுத்துக்கொள்கிறாள். அறைக்குள் போனாள். மேல் இழுப்பறையைத் திறந்து கவரை எடுத்து வந்து ஹால் நடுவில் நின்றாள்.

"எல்லாரும் எனக்காக வேண்டிக்கினீங்க. ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா இதுல இருக்கற தேதியப் பாருங்க. அந்த ஞாயித்துக்கெழமைக்கு நாலு நாள் முன்னாடி. அப்பவே எனக்கு ஒண்ணும் இல்லன்னுதான் எழுதியிருக்குது. எனக்குக் கேன்சர் வரவே இல்ல. வராதது எப்படிக் கொணமாவும்?"

கிரேஸ் மேரி, "பெரியவங்க முன்னால இப்டியா பேசறது" என்றாள் மெதுவாக.

"அண்ணி, நீங்க வந்து எனக்குப் போட்ட சோறு, எம் பொண்ண வளத்தது எதையும் நான் மறக்கல. ஆனா இது என் ஒடம்பு. இதப் பத்தி நல்லதோ கெட்டதோ நான்தான் சொல்லுவேன். மாதா பேரச் சொல்லி இத மூடாதீங்க."

"காயிதத்த எடுத்தது நான்தானா?" என்று கிரேஸ் மேரி குரலை உயர்த்தினாள். அத்தனை நாள் அடக்கியது உடைந்து வந்தது. "எல்லாப் பழியும் எனக்கா?"

வாசலில் நின்ற லியோ உள்ளே வந்தான். பதினைந்து பெண்களுக்கு முன்னால் அவன் முகம் கறுத்திருந்தது. "நான்தான் எடுத்தேன்" என்றான். "தப்பாப் படிச்சதும் நான்தான். அக்காவ சொல்லாதீங்க." பிறகு, "செலினு சொல்றதுதான் நெசம். அதுக்கு ஒண்ணும் இல்ல, அப்பவே இல்ல" என்றான்.

பெண்கள் பொரி உருண்டையை வாங்கிக்கொண்டு சீக்கிரமே கிளம்பினார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது அவர்கள் பேசிக்கொண்டது எல்லோருக்கும் கேட்டது. மறுநாளுக்குள் அது வேறு வேறு மாதிரியாக ஊரைச் சுற்றும் என்று செலினுக்குத் தெரியும். சுற்றட்டும் என்று இருந்தது.

கிரேஸ் மேரி ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. சோற்றை மட்டும் தட்டில் போட்டு மூடி வைத்தாள். பிறகு ஒரு நாள், உப்பு இருக்கிறதா பார் என்று சொன்னதில் பேச்சு ஆரம்பித்தது. நடந்ததைப் பற்றி அவள் மன்னிப்பும் கேட்கவில்லை, செலினும் எதிர்பார்க்கவில்லை. லியோவோடுதான் அதிக நாள் ஆனது. இரவில் அவன் பக்கம் திரும்பிப் படுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு காலையில் அவன் வேலைக்குக் கிளம்பும்போது மூன்றாவது இழுப்பறையின் சாவியை அவன் சட்டைப்பையில் போட்டாள்.

"அது ஒங்களுக்கு. அதுல நான் கை வைக்க மாட்டேன்."

"எனக்கு வைக்கறதுக்கு இன்னா இருக்குது?" என்றான் அவன்.

"இல்லன்னா காலியா கெடக்கட்டும்."

கடைசி இழுப்பறையை சுகந்தி கேட்டாள். பெயிண்ட் சுரண்டாத அந்தப் பச்சைமேல் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி. செலின் சாவியைக் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைக் கொண்டுவந்து உள்ளே வைத்துப் பூட்டினாள். செலின் அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்ன அது என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. பரீட்சை நேரம், பதினேழு வயசு, என்னவாக இருக்கும் என்று மனசு நூறு பக்கம் ஓடியது. அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அத்தனை கஷ்டமாக இருந்தது அவளுக்கு. மடித்த புடவையை உதறிவிட்டு, அதையே திரும்ப மடிக்க ஆரம்பித்தாள்.